மூன்று தடவை கூப்பிடுவார்கள்

இன்னும் எங்கள் நம்பர் வரவில்லை. வராமலே போனாலும் தேவலை. பெஞ்சு கிளார்க்கின் மேசையில் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருக்கிறார்கள், எல்லாம் தாராபுரம் சப் கோர்ட்டிலிருந்து வந்து இறங்கிய கேஸுகள், அதில் ஏதோ ஒரு அடுக்கில் நானும் என் அண்ணனும் ஒரே நாடாவுக்குள் இறுக்கிக் கட்டிக் கிடக்கிறோம். வாதி மயிலாத்தாள், பிரதிவாதி குழந்தைசாமி. எழுபதைத் தாண்டிய மனுசனுக்குக் குழந்தைசாமி என்று பெயர், வைத்தவர்கள் அவர் ஒருநாள் கிழவராவார் என்று நினைக்கவில்லை போல. நம்பர்கூடப் புதுசு போட்டுவிட்டார்கள். பழைய நம்பர் எனக்கு ரேசன் கார்டு நம்பரைப்போல மனப்பாடம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன், இனி இந்தப் புதுசை நெட்டுருப் போட எனக்கு வயசில்லை. சர்க்கார் வரம்பை உயர்த்திவிட்டதாம். முன்னெல்லாம் இவ்வளவு பெறுமானமுள்ள சொத்துக் கேஸு என்றால் சப் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும், இனிமேல் முனிசீப்பு கோர்ட்டே பார்த்துக்கொள்ளுமாம், அதனால் உங்கள் கேஸு காங்கேயத்துக்கே வந்துவிடும் என்று போன வாய்தாவில் என் வக்கீல் ஞானசுந்தரம் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. அப்படியென்றால் எங்கள் கேஸு சின்னதாகிப் போச்சா என்று கேட்டேன். கேஸு அப்படியேதான் இருக்கிறது, இந்தக் கோர்ட்டோட கைதான் நீண்டிருக்கிறது என்றார். நீளட்டும். என் வீட்டிலிருந்து இங்கே வர ஒரு வெற்றிலையை மென்று முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை, பக்கத்து வீட்டுக்காரி கறிவேப்பிலை வாங்கப் போகிறாயா என்று கேட்கிறாள், கோர்ட்டுக்குப் போகிறவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது. இது ஒரு கோர்ட்டா, இது ஒரு வாய்தாவா. பஸ்ஸு இல்லை, ஜன்னல் காற்று இல்லை, அண்ணன் இல்லை. அண்ணன் எங்கே இருக்கிறார் என்று இந்தக் கட்டடத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும்.

தாராபுரத்தில் இருக்கிறார். சப் கோர்ட்டு வராண்டாவில், தூணுக்குப் பக்கத்து பெஞ்சில், வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருப்பார். காலையில் பஸ்ஸில் போனதை என் கண்ணாலேயே பார்த்தேனே. அவருக்கு ஊர் நத்தக்காடையூர், அங்கேயிருந்து கிளம்புகிற சண்முகவேல் பஸ்ஸில் முதல் ஆளாக ஏறி, இடது பக்கம் மூன்றாவது சீட்டில் எனக்கு ஜன்னலோரம் துண்டு போட்டுவைத்து, எனக்கும் சேர்த்து டிக்கெட்டு வாங்கிவைத்து, காங்கேயத்தில் நான் ஏறும்வரைக்கும் அந்தத் துண்டுமேல் கையை வைத்துக்கொண்டே வருவார். யாராவது நகரச் சொன்னால் ஆள் வருதுங்க என்பார். டிக்கெட்டுக் காசை ஒரு தடவை நான் கொடுக்கப்போய், சீருன்னு வெச்சுக்க அம்மிணி என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிட்டார். என்மேல் நடத்துகிற கேஸுக்கு வருகிற வழியில் எனக்குச் சீர் செய்கிற மனுசன் இந்த உலகத்தில் அவர் ஒருத்தர்தான். இல்லை, கேஸு நடத்துகிறவள் நான், அவர்மேல் போட்டதும் நான்தான், அது எனக்கு அடிக்கடி மறந்துவிடுகிறது. காலையில் நான் கோர்ட்டுக்கு நடந்து வரும்போது ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ்ஸு நின்றது. அண்ணன் தலையை வெளியே நீட்டி, நான் வழக்கமாக நிற்கிற பெட்டிக் கடை வாசலைத் தேடுகிறார். துண்டு சீட்டுமேல் கிடக்கிறது. அண்ணா என்று கத்தினேன். நான் நின்றது அவருடைய கேட்காத காதுப் பக்கம். நடுவில் ஒரு தேங்காய் லாரி வந்து நின்றுவிட்டது, அது நகர்வதற்குள் பஸ்ஸு போயே போய்விட்டது. டிரைவரிடம் கொஞ்சம் நில்லப்பா, தங்கச்சி வருவா என்று கெஞ்சியிருப்பார். செல்போனாவது வைத்திருக்கிறாரா என்றால் அதுவும் கிடையாது, அது காதுக்குள் எறும்பு போனமாதிரி இருக்கிறதாம். ஏற்கெனவே ஒரு காது அடைபட்டவருக்கு எறும்பு எங்கே போய்விடும்.

சொல்லியிருக்கலாம். போன வாய்தாவில் கேஸுகள் எல்லாம் மாறப்போகிற விவரத்தைக் கோர்ட்டில் படித்தபோது அண்ணன் எனக்கு டீ வாங்கப் போயிருந்தார். திரும்பிப் பஸ்ஸில் வரும்போது, அடுத்த வாய்தா எப்போ அம்மிணி என்று கேட்டார், தேதியைச் சொன்னேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை. எங்கே என்று யார் கேட்பார்கள், சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும் என்றா கேட்பார்கள். நானும் சொல்லவில்லை, ஏனென்றால் எங்களுக்குள் ஒரு சட்டம் இருக்கிறது, பஸ்ஸில் கேஸைப் பற்றிப் பேசக்கூடாது. கேஸு போட்ட முதல் வருசம் இதே பஸ்ஸில் நாங்கள் போட்ட சண்டையில் கண்டக்டர் விசிலடித்து, எறங்குங்க ரெண்டு பேரும், பஸ்ஸு என்ன கோர்ட்டா என்று ஊதியூர்ப் பிரிவில் இறக்கிவிட்டுவிட்டான். நல்ல வெயில். மரம்கூடக் கிடையாது. அடுத்த பஸ்ஸு வரும்வரைக்கும் ரோட்டின் இந்த ஓரம் நான், அந்த ஓரம் அவர். கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் ரோட்டைத் தாண்டி வந்து குடையை என் தலைக்குமேல் பிடித்தார், முகத்தை மட்டும் ஊதியூர் மலைப் பக்கம் திருப்பிக்கொண்டார். இனிமே பஸ்ஸுல கேஸு பேச்சு வேண்டாம் அம்மிணி என்றார். சரியுங்கண்ணா என்றேன். அன்றைக்குப் போட்ட சட்டம். அதற்கப்புறம் எவ்வளவோ பேசியாயிற்று, அவர் மருமகள் வைக்கிற ரசம், என் முட்டிவலி, மாடுகள் விலை, செத்தவர்கள், பிறந்தவர்கள், எல்லாம் பேசினோம், கேஸை மட்டும் தொடவில்லை. தேதி கேட்கலாம், அவ்வளவுதான் அனுமதி. ஆனால் சட்டத்தின்மேல் பழியைப் போட்டு நான் தப்பிக்கக்கூடாது. இதுதான் நாம் சேர்ந்து போகிற கடைசிப் பஸ்ஸு என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் அப்போது கடலைப் பொட்டலத்தைப் பிரித்து, சொத்தைக் கடலையைப் பொறுக்கி வெளியே எறிந்துவிட்டு நல்லதை என் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தார். நோட்டீஸு போகும், அதில் தெரிந்துகொள்வார் என்று விட்டுவிட்டேன். நோட்டீஸு போயிருக்கும், கையெழுத்தும் போட்டு வாங்கியிருப்பார். ஆனால் அண்ணன் கோர்ட்டுக் கவரை உடைக்க மாட்டாரே. நான் அனுப்பிய முதல் சம்மனைப் படித்துவிட்டு மூன்று நாள் சாப்பிடவில்லையாம், அதோடு எந்தக் கவரையும் பிரிப்பதில்லை என்று வைத்துவிட்டார். அதை நினைத்துப் பார்க்காமல் போனேனே, இவ்வளவு வருசம் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள்.

வக்கீல் வந்து குனிந்தார். உங்கண்ணனைக் காணோமே என்றார். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். மூன்று தடவை கூப்பிட்டும் ஆள் வரவில்லையென்றால் எக்ஸ்பார்ட்டி, அவருக்கும் வக்கீல் இல்லை, உங்கள் சாட்சியை மட்டும் வாங்கிக்கொண்டு தீர்ப்பாகிவிடும், இவ்வளவு வருச இழுவை லேசாக முடிந்துவிடும் என்று சந்தோசமாகச் சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுசர்தான். அண்ணனுடைய வக்கீல் காலமான பிறகு அவர் வேறு வக்கீலே வைக்கவில்லை, என் வக்கீலைத்தான் நம்ம வக்கீல் என்பார், நம்ம வக்கீல் இன்னைக்கு நல்லாப் பேசினாரு அம்மிணி என்று அவருக்கு எதிராகப் பேசினதைப் பாராட்டுவார். வெளியே என் பையன் வண்டிமேல் சாய்ந்து நிற்கிறான். மாமன் வராட்டி நமக்கு நல்லதுதானம்மா என்று காலையிலேயே அவன் வாயிலும் வந்துவிட்டது. அவனைக் குற்றம் சொல்ல முடியாது, கிடங்கு கைக்கு வந்தால் சொந்தமாகக் கொப்பரைத் தொழில் வைப்பான், பெண் கொடுக்கிறவர்கள் இரண்டு வார்த்தை கூடப் பேசுவார்கள். எங்கள் அப்பாவின் தேங்காய்க் களமும் கிடங்கும். உள்ளே நுழைந்தாலே கொப்பரை வாசம் தொண்டைவரைக்கும் எண்ணெயாக இறங்கும். களத்தில் காய்கிற தேங்காய்ப் பருப்பில் காக்கா உட்காராமல் நானும் அண்ணனும்தான் காவல், அவர் விரட்டுவார், நான் தின்பேன், அடி அவருக்கு விழும். பாதி கிடங்கு எனக்கு வேண்டுமா என்றால் வேண்டும், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், பெண்ணுக்கும் பங்கு உண்டு, அது சட்டம். ஆனால் நான் கேஸு போட்டது கிடங்குக்காக இல்லை. அப்பா காரியம் முடிந்த அன்று, பந்தலைப் பிரிப்பதற்கு முன்னால், இதில் எனக்கு ஒன்றுமில்லையாண்ணா என்று கேட்டேன். சுற்றிப் பங்காளிகள் நின்றார்கள். உனக்குத்தான் சீரெல்லாம் செஞ்சு அனுப்பிச்சாச்சே என்றார். வந்த விருந்தாளிக்குக் கணக்குச் சொல்லுகிற மாதிரி. உனக்கும் உண்டு அம்மிணி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே வேண்டாமுங்கண்ணா என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. சம்மன் போனது, அவர் இனி உன் வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று ஆள் சொல்லி அனுப்பினார், நானும் அதற்குமேல் ஒன்று சொல்லி அனுப்பினேன். இரண்டு பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு வருகிறோம், கிழட்டு வீம்பு. பஸ்ஸு யாருடைய வாசப்படியும் இல்லை, அதனால் அதில் ஏறினோம்.

மடியில் சாப்பாட்டுப் பை சுடுகிறது. அரிசியும் பருப்புஞ் சாதம், கத்தரிக்காய்ப் பொரியல், இரண்டு ஆளுக்கு. காலையில் அடுப்பில் அரிசியைப் போட்ட பிறகுதான் கை இரண்டு ஆளுக்கு அளந்திருப்பது தெரிந்தது, சரி கிடக்கட்டும் என்று கட்டிக்கொண்டு வந்துவிட்டேன், முனிசீப்பு கோர்ட்டில் யாருக்குப் போடுவது. மத்தியானம் தாராபுரத்தில் ஸ்டாம்பு விற்கிற கடைக்குப் பின்னால் புளிய மர நிழலில் வாதியும் பிரதிவாதியும் சாப்பிடுவோம், சாதம் என்னுடையது, மோரும் ஊறுகாயும் அவருடையது. பார்க்கிறவர்கள் புருசன் பெண்டாட்டி என்று நினைப்பார்கள், இல்லைங்க, எதிர்க்கட்சிங்க என்று அண்ணன் சிரிக்காமல் சொல்வார். இப்போது தூக்குப்போசியில் மோரை வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருப்பார். அவருக்குச் சர்க்கரை, வேளைக்குச் சாப்பிட வேண்டும், ஆனால் நான் பையைத் திறக்காமல் அவர் வாயில் ஒன்றும் வைக்க மாட்டார். கைநடுக்கம் வரும், வேர்க்கும், தூணில் சாய்வார், யாரோ கிழவன் தூங்குகிறான் என்று போகிறவர்கள் போய்க்கொண்டிருப்பார்கள். அய்யோ. அங்கே யாரும் அவர் பெயரைக் கூப்பிடப் போவதில்லை. நல்ல காதை வாசல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு சாயந்திரம்வரைக்கும் காத்திருப்பார், கோர்ட்டைப் பூட்டுகிறவன் வந்து எழுப்பினால்தான் எழுந்திருப்பார். கேஸு என்ன ஆச்சோ என்று அவர் கவலைப்படப் போவதில்லை, அதுதான் என் நெஞ்சைப் போட்டு அரிக்கிறது. அம்மிணிக்கு என்னாச்சோ என்றுதான் நினைப்பார். ஒரு வாய்தாவுக்கும் நான் தவறினதில்லை, காய்ச்சலோடுகூடப் போயிருக்கிறேன். என் பக்கத்து இடம் காலியாக இருந்தால் அவர் மனசு நேரே சுடுகாட்டுக்குத்தான் போகும், எனக்கு அவரைத் தெரியாதா. போன மாசம் இங்கே ஒரு மயிலாத்தாள் செத்துப்போனாள், வேறொருத்திதான், சின்னவள், அதை யாராவது அவரிடம் அரைகுறையாகச் சொல்லித் தொலைத்தால். நான் இந்த பெஞ்சில் கல்லுக்குண்டாட்டம் உட்கார்ந்திருக்கிறேன், அவர் அங்கே எனக்காக அழுதுகொண்டிருப்பார். நல்ல கூத்து. அப்புறம் தீர்ப்பாகும், கிடங்கு என்னுடையது, பாதி, அவர் இல்லாதபோது எடுத்துக்கொண்டது. அவர் கொடுத்ததாக ஆகாது. வாங்கினதாகக்கூட ஆகாது. களத்தில் அவர் காக்கா விரட்டப் போன நேரத்தில் பருப்பைத் தின்றது மாதிரி ஆகும், அடியும் அவருக்கே விழும். அப்போது எனக்கு ஆறு வயசு, இப்போது என்ன சாக்கு.

கூப்பிட்டுவிட்டான். மயிலாத்தாள் என்று ஒரு தடவைதான், நான் எழுந்து உள்ளே போய் நின்றுவிட்டேன். முனிசீப்பு அம்மா சின்னப் பெண், என் பையனைவிட இளையவள், கண்ணாடி போட்டிருக்கிறாள், கட்டுகளுக்கு நடுவில் முகம் மட்டும் தெரிகிறது. குழந்தைசாமி. வாசலில் நின்று டவாலி கூப்பிடுகிறான், வெளியே வண்டிச் சத்தம். இப்படித்தான் அம்மா களத்து மேட்டில் நின்று கூப்பிடுவாள், அவள் கூப்பிட்டால் அண்ணன் ஒரு தடவையிலேயே ஓடி வருவார், நான்தான் மூன்று தடவை கூப்பிட்டாலும் வர மாட்டேன். குழந்தைசாமி. வக்கீல் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு தயாராகிறார், பையன் வாசலில் வந்து எட்டிப் பார்க்கிறான், இந்தப் பையனுக்குக் காது குத்தினது அவன் மாமன் மடியில்தான். கோர்ட்டில் கேட்காமல் பேசக்கூடாது என்று வக்கீல் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். குழந்தை என்று டவாலி மூன்றாவது தடவை தொடங்கும்போதே என் கை தானாகத் தூக்கிக்கொண்டது.

"வரலீன்னு எழுதிப்போடாதீங்க, தாயி. எங்கண்ணன் வந்திருக்காருங்க."

முனிசீப்பு அம்மா நிமிர்ந்து பார்த்தாள். எங்கே என்று கேட்டாள்.

"தாராபுரத்துக் கோர்ட்டுல உக்காந்திருக்காருங்க. கேஸு இங்க மாறினது அவருக்குத் தெரியாதுங்க."

வக்கீல் என் பக்கம் திரும்பி அம்மா, அம்மா என்று பல்லுக்குள்ளேயே சொல்கிறார். நீங்கள் வாதிதானே, அவர் வராவிட்டால் உங்களுக்குத்தான் சாதகம், அது தெரியுமா என்று முனிசீப்பு அம்மா கேட்டாள். தெரியுமுங்க என்றேன். அவர் தாராபுரத்தில் இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும் என்றாள். இதற்கு என்ன சாட்சி சொல்வது, சத்தியப் பிரமாணம் எல்லாம் இதற்கு வேண்டுமா என்று ஒரு நிமிசம் தடுமாறிவிட்டேன்.

"காத்தால பஸ்ஸுல பாத்தனுங்க. எனக்குத் துண்டு போட்டு எடம் புடிச்சுட்டுப் போறாருங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள், அப்புறம் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. முனிசீப்பு அம்மா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பிறகு குனிந்து எழுதினாள், அடுத்த மாசத்தில் ஒரு தேதி. அவருக்குப் புதிதாக நோட்டீஸு அனுப்பச் சொல்லட்டுமா என்று கேட்டாள். அவர் கவரை உடைக்க மாட்டாருங்க, நானே சொல்லிப்போடறனுங்க என்றேன். அந்தப் பெண் சரி என்று தலையாட்டி, அடுத்த கட்டை எடுத்தாள். வக்கீல் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று வராண்டாவில் போய்விட்டார். பையன் மட்டும் என்னம்மா இப்படிப் பண்ணிட்டே என்றான், கேஸு எங்கேயும் ஓடிவிடாது, உன் மாமன்தான் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார், வண்டியை எடு, என்னைப் பஸ்ஸு ஏற்றிவிடு என்றேன். முறைத்தான். எடுத்தான். அவனும் அவருக்கு மருமகன்தானே.

பெட்டிக் கடை வாசலில் நிற்கும்போதுதான் அது எனக்குத் தட்டுப்பட்டது, காலையிலிருந்து எப்படித் தோன்றாமல் போச்சு. கோர்ட்டு இங்கே வந்துவிட்டால் எனக்குத்தானே பஸ்ஸு இல்லை. அவருக்கு உண்டே. வாய்தாவுக்கு அவர் இந்த நிறுத்தத்தில்தான் இறங்க வேண்டும். இறங்கிக் கோர்ட்டுக்குப் போகிற வழியில் முதல் திருப்பத்தில் என் வீடு, வேறு வழியே கிடையாது, வாய்க்காலைத் தாண்டிக் குதித்தால்தான் உண்டு, எழுபதைத் தாண்டிய காலோடு எங்கே குதிப்பார். வாசப்படி மிதிக்க மாட்டேன் என்றவர் வாசலைத் தாண்டித்தான் போயாக வேண்டும், தாண்டும்போது நான் உள்ளே கையைக் கட்டிக்கொண்டா உட்கார்ந்திருப்பேன். மத்தியானம் புளிய மரம் தேட வேண்டியதில்லை, சோறு சுடச்சுட இருக்கும். சர்க்கார் தெரிந்து செய்ததோ தெரியாமல் செய்ததோ, அந்த வரம்பை உயர்த்தினவர்கள் கை நன்றாக இருக்கட்டும். இன்றைக்குச் சட்டத்தை உடைத்து, திரும்பி வருகிற பஸ்ஸிலேயே சொல்லிவிடப் போகிறேன், அண்ணா, கேஸு என் வீட்டுப் பக்கம் வந்துருச்சு, நீங்களும் வரோணும் என்று. அதற்கு அவர் முகத்தை மலைப் பக்கம் திருப்பிக்கொள்வார். திருப்பட்டும், ஊதியூர் தாண்டினால் மலை போய்விடும்.

அதே சண்முகவேல் பஸ்ஸு, அடுத்த நடைக்கு நத்தக்காடையூர் போய்த் திரும்பி வருகிறது. அன்றைக்கு எங்களை இறக்கிவிட்ட அதே கண்டக்டர், அவனுக்கும் தலை நரைத்துவிட்டது, படியில் நின்றே என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். ஏறினேன். இடது பக்கம் மூன்றாவது சீட்டு காலியாக இருக்கிறது. கைப்பையைத் திறந்து சில்லறையைத் துழாவினால் அவன் வேண்டாம் என்று கையை ஆட்டுகிறான்.

"உங்க டிக்கெட்ட உங்கண்ணன் காத்தாலயே எடுத்துட்டாருங்க. பஸ்ஸ உட்டுட்டிருப்பா, எப்பிடியும் அடுத்த நடைக்கு வருவா, ஏத்திட்டு வந்துருன்னு சொல்லீட்டு எறங்குனாருங்க."

நான் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்துகொள்கிறேன். சாப்பாட்டுப் பையைப் பக்கத்து இடத்தில் வைக்கிறேன். கூடையோடு ஒருத்தி வந்து ஆள் வருதுங்களா என்று கேட்கிறாள், திரும்பி வரும்போதுதான் வருவார் என்பதை மறந்து, வருதுங்க என்று சொல்லிவிட்டேன்.